கேளுங்க டீச்சர்: கிளாஸ் லீடருக்கு ஓட்டா, குலுக்கலா?

இந்த மாசம் வந்த கேள்வி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான். சின்னக் கிளாஸ் பசங்களுக்கு நல்ல பழக்கம், பொறுப்பு, குடிமைப் பண்பு இதெல்லாம் ஸ்கூல்ல எப்படி சொல்லித்தர்றதுன்னு. ஒரே மாதிரி வந்தத ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

என் பையன் தனியார் ஸ்கூல்ல மூணாவது. வேல்யூ எஜுகேஷன்னு தனி புக்கு, வாரம் ஒரு பீரியட், அதுக்குப் பரீட்சை வேற. 'உண்மை பேசுதல்' பாடத்துல பத்துக்குப் பத்து. வீட்டுல வாயத் திறந்தா பொய்தான். இந்த புக்கால பிரயோஜனம் உண்டா டீச்சர்? (ஒரு அம்மா, திருப்பூர்)

பத்துக்குப் பத்து அவனோட மனப்பாடத்துக்கும்மா, உண்மைக்கு இல்ல. எட்டு வயசுல பொய் வர்றது பெரும்பாலும் அடிக்கும் திட்டுக்கும் பயந்துதான், அதனால உண்மைய சொன்ன அன்னிக்கு வீட்டுல அவனுக்கு என்ன கெடைச்சுதுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. புக்குல கதை நல்லா இருந்தா படிக்கட்டும், தப்பில்ல. மார்க் போடறதுதான் எனக்கு ஒப்பல. ஜப்பான்ல 2018லேர்ந்து ஆரம்பப் பள்ளில ஒழுக்கக் கல்விய ஒரு பாடமாவே ஆக்கிட்டாங்க, ஆனா அதுக்கு நம்பர்ல மார்க் கெடையாது, டீச்சர் அந்தக் குழந்தையப் பத்தி எழுத்துல நாலு வரி எழுதுவாங்க, அவ்ளோதான்.

நம்ம ஸ்கூல் பிரேயர்லயும் இதே கதைதான் நடக்குது. "இந்தியா எனது தாய்நாடு, இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்"னு பசங்க ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுடுவாங்க. 1962ல பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ்னு ஒருத்தர், ஆந்திராவுல அரசு கருவூலத்துல வேலை பாத்தவரு, தெலுங்குல எழுதுன உறுதிமொழி அது. என்னிக்காவது கிளாஸ்ல நிறுத்திக் கேட்டுப் பாருங்க, "எல்லாரும் உடன்பிறந்தவங்கன்னா நமக்கு தினமும் சோறு ஆக்கிப் போடுற அக்காவும்தானே, அவங்க பேரு என்ன?"ன்னு. பாதிப் பேருக்கு மேல தெரியாது, சில ஸ்கூல்ல டீச்சருக்கே தெரியாது. எனக்கென்னவோ அன்னிக்கு அந்தப் பேரக் கேட்டுட்டு வர்றதுதான் பாடம்னு தோணுது, புக்கு அப்புறம்.

நான் நாலாம் வகுப்பு எடுக்குறேன். ஜனநாயகம் புரியட்டும்னு கிளாஸ் லீடருக்கு தேர்தல் வைக்கலாம்னு ஐடியா. எப்படி வைக்கலாம்? (ஓர் ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்)

வைக்காதீங்க தம்பி. ஓட்டு வச்சா யாரு ஜெயிப்பான்னு உங்களுக்கே தெரியும், ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்குற பொண்ணு, இல்லன்னா உயரமா இருக்குற பையன், இல்லன்னா ஊர்ல செல்வாக்கான வீட்டுப் புள்ள, அதுவும் இல்லன்னா முந்தின நாள் மிட்டாய் குடுத்தவன். கடைசி பெஞ்சுல உக்காந்திருக்குறவன் அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் ஒரு நாள் கூட லீடர் ஆக மாட்டான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும்ல, முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 920 வாக்குல. குடவோலைன்னு நாம பெருமையா பேசுறது ஓட்டுப் போடறது இல்ல, குலுக்கல். தகுதியான ஆளுங்க பேர ஓலைல எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. நெலம், சொந்த வீடு, வேதப் படிப்புன்னு ஆயிரம் கண்டிஷன், பொம்பளைங்களுக்கு எடமே இல்ல, அதனால அது எல்லாருக்குமான ஜனநாயகம்னு பசங்ககிட்ட கதை விடாதீங்க. ஆனா அதுல ரெண்டு ரூல் அப்படியே எடுத்துக்கலாம். ஏற்கெனவே பதவில இருந்தவன் பேரு உடனே மறுபடி குடத்துக்குள்ள போகாது. கணக்குக் காட்டாதவன் பேரு போகவே போகாது.

அதத்தான் கிளாஸ்ல வைக்கணும். வாரம் ஒரு லீடர், பேரு குடத்துலேர்ந்து, எல்லாருக்கும் வந்து முடிஞ்சப்புறம்தான் மறுபடி அதே பேரு. திங்கக்கிழமை காலைல பழைய லீடர் புது லீடர்கிட்ட பந்து எத்தனை, ஸ்கிப்பிங் கயிறு எத்தனை, வாசிப்பு மூலைல புக்கு எத்தனைன்னு எண்ணி ஒப்படைக்கணும், ஒரு நாப்பது பக்க நோட்டுல ரெண்டு பேரும் கையெழுத்து. பந்து ஒண்ணு குறையுதுன்னா அது என்னாச்சுன்னு கிளாசுக்கு முன்னாடி சொல்லணும். திட்டறதுக்கு இல்ல, சொல்றதுக்கு. அரசுப் பள்ளில மகிழ் முற்றம்னு பசங்கள குறிஞ்சி, முல்லைன்னு குழுவா பிரிக்கிறீங்கள்ல, அங்கயும் இதே முறைய வச்சுக்கலாம்.

ஓட்டு வேணும்னா ஆளுக்கு வைக்காதீங்க, விஷயத்துக்கு வைங்க. இன்னிக்கு பி.டி. பீரியட்ல கபடியா கோகோவா? கை தூக்கி எண்ணுங்க. கோகோ கேட்டுத் தோத்தவங்களும் மூஞ்சத் தூக்கி வச்சுக்காம கபடி ஆடணும், அடுத்த வாரம் மறுபடி கேக்கலாம். இன்னொண்ணு, பேசுனவங்க பேர போர்டுல எழுதற வேலைய லீடருக்குக் குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. பத்து வயசுல கோள் சொல்லப் பழக்குறோம், அதுக்கு லீடர்னு பேரு வேற.

ஜப்பான்ல ஸ்கூல் புள்ளைங்களே கிளாஸ்ரூம கூட்டித் துடைக்கிற வீடியோ பாத்தேன். இங்க ஒரு புள்ள வெளக்குமாத்தத் தொட்டா நியூஸ் ஆகுது, டீச்சர் மேல நடவடிக்கை. இது நியாயமா? (ஒரு அப்பா, நாமக்கல்)

சார், இந்த வீடியோ எனக்கும் நாலஞ்சு குரூப்லேர்ந்து வந்துச்சு. அதுல காட்டாத விஷயம் சிலது இருக்கு. அங்க சுத்தம் பண்றது டைம்டேபிள்லயே இருக்கு, பெரும்பாலான ஸ்கூல்ல தினமும் ஒரு கால் மணி நேரம், இருபது நிமிஷம். எல்லாப் புள்ளையும் செய்யும், குழுக் குழுவா, இந்த வாரம் வராண்டான்னா அடுத்த வாரம் படிக்கட்டு. டீச்சரும் கூட நின்னு செய்வாங்க. மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான், முறை வந்த பசங்க வெள்ளைக் கோட்டு, தொப்பி மாட்டிக்கிட்டு மத்தவங்களுக்குப் பரிமாறுவாங்க, எல்லார் தட்டுலயும் விழுந்தப்புறம்தான் சாப்பாடு. டாக்டர் வீட்டுப் புள்ளைக்கு ஒரு முறை, கூலி வேலை செய்யறவர் வீட்டுப் புள்ளைக்கு ஒரு முறைன்னு கெடையாது.

இங்க என்ன நடக்குது? "டேய், நீ போய் தண்ணி ஊத்திட்டு வா"ன்னு ஒரு விரல் நீளும். அந்த விரல் யாரப் பாத்து நீளுதுங்கறதுதான் சார் பிரச்சினை. 2022 கடைசில ஈரோடு மாவட்டத்துல ஒரு தொடக்கப் பள்ளில பட்டியலினப் பசங்கள மட்டும் கழிவறைய கழுவ வச்சாங்கன்னு புகார் வந்து தலைமை ஆசிரியரையே கைது பண்ணாங்க. அத வெளக்குமாத்தத் தொட்டதுக்கான தண்டனைன்னு சொன்னா எப்படி? அந்தக் கிளாஸ்ல கூட உக்காந்திருந்த மத்த பசங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு யோசிங்க, இந்த வேலைக்கு இவங்க, நமக்கு இல்லன்னு. குடிமைப் பாடத்த தலைகீழா நடத்துனதுதான் அது.

வகுப்பறைய பசங்க கூட்டலாம், கூட்டணும், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா ஆளு பொறுக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டுல இருக்குற வரிசைப்படியே ஒரு சார்ட் எழுதி சுவத்துல ஒட்டுங்க, இன்னிக்கு முதல் நாலு பேரு, நாளைக்கு அடுத்த நாலு. அதுல டீச்சர் பேரும் இருக்கணும், பசங்க முதல்ல தேடறது அந்தப் பேரத்தான். பொண்ணுங்க கூட்டிக் கோலம் போடணும், பசங்க தண்ணி தூக்கி பெல் அடிக்கணும்னு ஒரு சட்டம் ஒவ்வொரு ஸ்கூல்லயும் எழுதாமலே இருக்கு பாருங்க, வரிசை வந்துட்டா அதுவும் தானா ஒடையும். பெத்தவங்க சண்டைக்கு வந்தா சார்ட்டக் காட்டுங்க, பாதிச் சண்டை அங்கயே முடிஞ்சுரும்.

கழிவறை மட்டும் வேண்டாம். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கையுறை கெடையாது, அது சம்பளம் வாங்குற பெரியவங்க வேலை. அந்தச் சம்பளமும் ரொம்பக் கம்மி, அதுக்காகவும் நாம கொஞ்சம் சத்தம் போடலாம்.

தோப்புக்கரணம் மூளைக்கு நல்லதாமே, லேட்டா வர்ற பசங்களுக்கு தண்டனையா குடுக்கலாமா? (பெயர் வேண்டாம், சேலம்)

நல்லதுன்னா நீங்களும் சேந்து போடுங்க சார். தண்டனையா குடுத்தா கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுல மாட்டுவீங்க, உடம்ப வருத்துற தண்டனையும் மனசக் காயப்படுத்துற பேச்சும் ரெண்டுமே அதுல தடை.

என் பேத்தி ரெண்டாவது. வீட்டுல வாயாடி, ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டேங்குறாளாம். பேச்சுப் போட்டில சேத்து விட்டா தைரியம் வருமா? (ஒரு தாத்தா, மன்னார்குடி)

அவசரப்படாதீங்க ஐயா. மேடைல ஏத்திவிட்டு நடுவுல மறந்து நின்னுட்டான்னா அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டா. அவ டீச்சர்கிட்ட போய் ஒரு வேலை கேளுங்க. போர்டு ஓரத்துல பதிவு 28, வருகை 25னு எழுதுவாங்கல்ல, அத இவ எண்ணி எழுதட்டும். எழுதிட்டு அந்த 25ஐ சத்துணவுக் கூடத்துல போய் இவளே சொல்லட்டும். தொடக்கப் பள்ளில ஆளுக்கு 100 கிராம் அரிசி கணக்கு, இவ சொல்ற நம்பர வச்சுத்தான் உலை. தப்பாச் சொன்னா ஒருத்தருக்குச் சோறு பத்தாதுன்னு அவளுக்கே தெரியும், அதனால கேக்குற மாதிரி சொல்லித்தான் ஆகணும். அதுவே பழகிடுச்சுன்னா பேச்சுப் போட்டி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

அஞ்சாம் வகுப்புல கடிதம் எழுதப் பயிற்சி குடுக்குறோம். எப்பப் பாத்தாலும் விடுப்பு விண்ணப்பம்தான், பசங்களுக்கும் போர், எனக்கும் போர். வேற ஏதாவது? (ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்)

நிஜக் கடிதம் எழுத வைங்கம்மா. ஸ்கூல் வாசல்ல தெரு விளக்கு எரியலையா, பைப்புல தண்ணி ஒழுகுதா, பசங்களே போய்ப் பாத்து எந்தக் கம்பம், எத்தனை நாளான்னு விசாரிச்சு எழுதட்டும். யாருக்கு எழுதறதுங்கற கேள்விலயே உள்ளாட்சிப் பாடம் முடிஞ்சுரும், விளக்குக்கு ஊராட்சியா மின்வாரியமான்னு அவங்களே அடிச்சுக்குவாங்க. தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் இருக்குற ஊர்னா அவருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துலயும் ரெண்டு பசங்கள விட்டுப் படிக்கச் சொல்லுங்க, அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்கதான், அதனால சும்மா கேட்டுட்டுப் போயிர மாட்டாங்க.

குடுக்கும்போது மறக்காம ஜெராக்ஸ்ல 'பெற்றுக்கொண்டேன்'னு சீலும் தேதியும் வாங்கச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த மாசம் போய்க் கேட்டா அப்படி ஒண்ணு வரவே இல்லம்பாங்க.