பவர் பத்திரமும் தம்பியும்: ஓய்வுக்கு முன்பே செய்ய வேண்டியவை

கேள்வி: ராணுவத்தில் கர்னலாக ஜெய்சல்மேரில் இருக்கிறேன். ஏப்ரலில் 54 வயது முடிந்து ஓய்வு. 2006-ல் காட்பாடியில் என் பெயரில் மனை வாங்கி வீடு கட்டினேன். ஊர் ஊராக மாற்றல் என்பதால் தம்பியைக் குடும்பத்தோடு அங்கே குடிவைத்தேன். அம்மாவும் அவனோடுதான். 2011-ல் வீட்டு விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள அவனுக்கு ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்தேன். 2015-ல் மாடி எழும்பியது. இப்போது குடிவரப் போகிறேன் என்றதும், "பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நான்தான் இருக்கேன், மாடி என் காசு, வீடு என்னுது" என்கிறான். ஓய்வுபெற்று வந்து வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, வீடு உங்களுடையதுதான். ஆனால் 'ஓய்வுபெற்று வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வேலூர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் பலர் என்னிடம் வருவது சீருடையைக் கழற்றிய பிறகுதான். பணியில் இருக்கும்போது சட்டம் தரும் சில வசதிகள் அப்போது கையைவிட்டுப் போயிருக்கும்.

வழக்கைவிட அவசரம் பவர் பத்திரம். அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருந்தால், அது உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் வீடு மூன்றாம் நபர் கைக்குப் போகலாம். 2006 முதல் இன்றுவரைக்குமான வில்லங்கச் சான்றை இணையத்திலேயே இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடுத்த லீவில் ஊரில் இறங்கியதும் முதல் வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். தம்பிக்குச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் தகவல் அனுப்புங்கள். அவருக்குத் தெரியப்படுத்தாத ரத்து அரைகுறை ரத்துதான்.

இனி அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு. காலவரையறைச் சட்டம் 1963-ன் 65-வது இனம் சொல்லும் 12 ஆண்டுக் கெடு, அனுபவம் (அதாவது வீட்டைக் கைவசம் வைத்திருப்பது) உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்துதான் ஓடும். நீங்கள் இருக்கச் சொல்லி இருந்தவரின் அனுபவம் உங்கள் அனுமதியில் நடந்தது. பவர் ஏஜென்டாகவும் இருந்தவர் உங்கள் சார்பில்தான் வீட்டை வைத்திருந்தார். மரியா மார்கரிடா பெர்னாண்டஸ் வழக்கும் உங்கள் கதையைப் போன்றதுதான். கோவாவில் சகோதரியின் வீடு, கணவர் கடற்படை அதிகாரி, மாற்றல் மாற்றலாகப் போனதால் வீட்டில் சகோதரரை இருக்க வைத்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அவருக்கு அதில் உரிமை பிறக்காது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் தம்பி பெயருக்கு மாறியிருந்தாலும் கலங்க வேண்டாம், அவை கிரயப் பத்திரத்துக்கு ஈடாகாது.

எனக்குக் கவலை தருவது மாடிதான். அனுமதியோடு குடியிருப்பவர் அந்த அனுமதியை நம்பித் தன் செலவில் நிரந்தரக் கட்டடம் எழுப்பியிருந்தால், அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று வாதாட 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு இடம் தருகிறது. தம்பியின் வக்கீல் இதைத்தான் பிடிப்பார். அதனால் 2015-ல் யார் பணம் என்பதுதான் வழக்கின் உயிர். சம்பளக் கணக்கிலிருந்து தம்பிக்குப் போன தொகைகளுக்கு வங்கிக் கணக்கு விவரம் வாங்கிவிடுங்கள். நீங்கள் அனுப்பிய நகல்களில், "அண்ணா, உங்க வீட்டுக்கு வரி கட்டிட்டேன், சென்ட்ரிங் ஆளுக்கு இன்னும் அம்பது வேணும்" என்று தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். 'உங்க வீட்டுக்கு' என்ற அந்த ஒரு சொல் பத்துச் சாட்சிக்குச் சமம். அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரங்களுக்கான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றும் இணைக்க வேண்டும்.

வழக்கு, உரிமை விளம்புகையும் (வீடு உங்களுடையது என்ற அறிவிப்பு) சுவாதீன மீட்பும் (வீட்டைத் திரும்ப உங்கள் கைவசம் ஒப்படைப்பது) கேட்டு இருக்கட்டும். லீவு கிடைக்காதே என்ற தயக்கம் வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28-வது கட்டளைப்படி, நேரில் வர லீவு கிடைக்காத படைவீரர் தனக்குப் பதில் வழக்கு நடத்த யாரையும் அமர்த்தலாம். உங்கள் மனைவியையே அமர்த்துங்கள். கமாண்டிங் ஆபீசர் முன் கையெழுத்திட்டு, அவர் மேலொப்பம் போட்ட கடிதம் போதும். நீங்களே கமாண்டிங் ஆபீசர் என்றால் உங்களுக்கு அடுத்த நிலை அதிகாரி முன் கையெழுத்திடலாம். இன்னொன்று, ராணுவச் சட்டம் 1950-ன் 32-வது பிரிவு. வழக்குக்காக லீவு தரப்பட்டது அல்லது கேட்கப்பட்டது என்று ராணுவ அதிகாரியின் சான்றைக் காட்டி மனுச் செய்தால், கூடுமானவரை அந்த லீவுக்குள்ளேயே விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு இந்த இரண்டு கதவும் உங்களுக்குத் திறக்காது.

கோபத்தில் ஆட்களோடு போய்ச் சாமான்களை வெளியே வைத்துவிடாதீர்கள். அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலே திரும்பக் குடியேற்றச் சொல்ல 1963-ம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு வழி செய்கிறது.

இத்தனை வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் தம்பி. அதற்காக வீட்டை எழுதிக் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் வேறு வீடு பிடிக்க முன்பணமும் சில மாத அவகாசமும் தருகிறேன் என்று நீங்களாகச் சொன்னால், லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒரே அமர்வில்கூட முடியலாம். அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். எதைச் செய்தாலும், வக்கீல் நோட்டீஸ் போகும் முன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தபால்காரர் கொண்டுவந்து அவருக்குத் தெரியக்கூடாது.