கணையத்தின் வாலும் மண்ணீரலும் எடுத்த பிறகு: கேள்வி பதில்

அறுவை சிகிச்சை வார்டில் 18 வருடம் நர்ஸாக இருந்தேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

கட்டி கணையத்தில்தான் இருந்தது. மண்ணீரலை எதற்கு எடுத்தார்கள் அக்கா?

கணையத்தின் வால் மண்ணீரலைத் தொட்டுக்கொண்டு முடிகிறது. மண்ணீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கணையத்தை ஒட்டியே ஓடுகின்றன. புற்றுநோய் என்றால் அங்கிருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், அதனால் மண்ணீரலும் போய்விடும். சாதாரணக் கட்டியென்றால் சில சமயம் அதைக் காப்பாற்றிவிடுவார்கள்.

அப்பாவை டிரெயின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் திரவத்தில் அமைலேஸ் (கணையச் சாற்றில் இருக்கும் செரிமான என்சைம்) அதிகமாம். பயமாக இருக்கிறது.

வெட்டிய முனையிலிருந்து கணையச் சாறு கசிவது இந்த அறுவை சிகிச்சையில் அடிக்கடி பார்ப்பதுதான். மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ திரவத்தில் அமைலேஸ், ரத்தத்தில் இயல்பாக இருக்கக்கூடிய உச்ச அளவைப்போல் 3 மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு என்று எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல் இல்லை, வலி கூடவில்லை, சாப்பிடுகிறார் என்றால் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். உள்ளே தேங்கிவிடக்கூடிய சாற்றை டியூப் வெளியே கொண்டுவருகிறது, அதன் வேலையே அதுதான். சில வாரம் வைத்திருந்தால் பெரும்பாலும் தானாக அடைபடும். தினமும் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் அன்றே போன் செய்யுங்கள். ரத்தம் வந்தால், கொஞ்சம்தானே என்று இருக்காமல் உடனே கிளம்புங்கள். கணையச் சாறு ரத்தக் குழாயை அரித்துவிடக்கூடும்.

இடது தோள்பட்டை வலிக்கிறது. வெட்டியது வயிற்றில்தானே?

உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியும், நரம்பு அப்படி. சில நாளில் குறையும். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ காட்டுங்கள்.

இரவு 100.8 காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாமா?

கூடாது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நிமோகாக்கஸ் மாதிரி உறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல்தான். அது இல்லாதவருக்கு மாலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது விடிவதற்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். 100.4 தொட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் உடம்பு நடுங்கினாலோ, கைவசம் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஆன்டிபயாடிக் தந்திருந்தால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வாக்கியமே "எனக்கு மண்ணீரல் இல்லை" என்றிருக்கட்டும். பர்ஸில் அதை எழுதிய அட்டையும் இருக்கட்டும்.

நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (Hib) என்று இப்படி உறை போர்த்திய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு 2 வாரம் முன்பே போடுவது நல்லது. தவறியிருந்தால் அறுவை முடிந்து 2 வாரம் கழித்துப் போடலாம். ஃப்ளூ ஊசி வருடா வருடம். ஊசி எல்லாம் போட்டாயிற்றே என்று காய்ச்சலை அலட்சியப்படுத்தாதீர்கள், எல்லாக் கிருமிக்கும் ஊசி கிடையாது. நாய் கடித்தாலும், காயம் சிறிதென்றாலும், அன்றே போக வேண்டும். வருடங்கள் போனாலும் இது மாறாது.

பிளேட்லெட் 9 லட்சம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது!

பழைய பிளேட்லெட்டுகளைக் கழித்துக்கட்டும் உறுப்பு போய்விட்டது, அதனால் ஏறும். பிறகு மெல்ல இறங்கும். ஆஸ்பிரின் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ புதிதாக வயிறு வலித்தாலோ ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரையே இல்லாத அம்மாவுக்கு இப்போது சர்க்கரை. மலமும் எண்ணெய் மாதிரி மிதக்கிறது.

இன்சுலின் சுரக்கும் செல்கள் வால் பகுதியில்தான் அடர்த்தி. எல்லோருக்கும் சர்க்கரை வராது, வந்தால் மருந்து வேண்டும். மலம் மிதப்பது கொழுப்பு செரிக்காததால் இருக்கலாம். என்சைம் மாத்திரை எழுதிக் கொடுத்தால் முதல் வாய்ச் சாப்பாட்டோடு விழுங்கச் சொல்லுங்கள், மெல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்துப் போட்டால் பலன் குறைவு. வார்டில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டார்கள்!

3 வயதுப் பையனை எப்போது தூக்கலாம்?

6 வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம், தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கும். நீங்கள் உட்காருங்கள், அவன் பக்கத்தில் ஏறி உட்காரட்டும். வயிற்றுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இருமும்போதும் அதையே அழுத்திப் பிடிக்கலாம்.

இரண்டு மாதம் ஆகியும் குளித்து வந்தாலே படுக்கத் தோன்றுகிறது.

மூன்று மாதம்கூட இப்படி இருப்பவர்கள் உண்டு. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்கள். அப்புறம் நடை, ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை.