ஜப்பானின் பனியுகத் தலைமுறை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். ஜப்பானில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் 90 லட்சம் வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பிறப்பு குறைந்துவிட்டது என்றீர்கள். ஏன் குறைந்தது என்ற இடத்தில் மட்டும் பட்டும் படாமலும் நழுவிவிட்டீர்கள். நேராகவே சொல்லலாமே? அங்குள்ள இளைய தலைமுறைக்குப் பொறுப்பு வேண்டாம். சம்பாதிப்பதைத் தனக்கே செலவழிக்க வேண்டும். பெண்கள் படித்து வேலைக்குப் போன பிறகு குடும்பமே சுமையாகிவிட்டது. போரில் சாம்பலான நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்களின் வாரிசுகள் ஒரு குழந்தை பெற்று வளர்க்க அலுத்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் பணத்தைக் கொட்டியும் பயனில்லை. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபத்துமூன்றில் வேலை, இருபத்தாறில் கல்யாணம். எங்கள் காலத்தில் யாரும் ‘சூழ்நிலை சரியில்லை’ என்று தள்ளிப்போட்டதில்லை.

இன்னொன்று. என் அக்கா மகன் ஒசாகாவில் மென்பொருள் துறையில் இருக்கிறான். ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்று சொன்ன கட்சிக்கு 2025 மேலவைத் தேர்தலில் நல்ல ஓட்டு விழுந்ததைச் சொல்லி வருத்தப்பட்டான். வேலைக்கு ஆளில்லை என்கிறார்கள், வருகிறவனையும் வேண்டாம் என்கிறார்கள். இது என்ன கூத்து?

ரா.வே., திருச்சி

*

அன்புள்ள ரா.வே. அவர்களுக்கு,

வணக்கம். ‘இருபத்துமூன்றில் வேலை, இருபத்தாறில் கல்யாணம்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். முதலாவது நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது என்பது எழுதும்போது உங்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. வங்கி வேலை, நிரந்தரம், ஓய்வூதியம். பெண் வீட்டார் அதற்கு மேல் என்ன கேட்டிருப்பார்கள்? அந்த வேலை கிடைக்காமல், ஆறு மாத ஒப்பந்தங்களிலேயே நாற்பது வயதைத் தொட்டிருந்தால் உங்களுக்கு எப்போது கல்யாணம் ஆகியிருக்கும்? கேலிக்குக் கேட்கவில்லை. ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே நடந்தது அதுதான். வேலைவாய்ப்பு உறைந்து கிடந்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் என்பதால் அவர்களைப் ‘பனியுகத் தலைமுறை’ என்கிறார்கள்.

முதலில் தன்னலம் என்ற குற்றச்சாட்டு. 2021இல் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் மணமாகாத 18 முதல் 34 வயதுவரை உள்ளவர்களிடம் கேட்டபோது, ஆண்களில் 81 சதவீதமும் பெண்களில் 84 சதவீதமும் என்றாவது ஒருநாள் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டு என்றே சொன்னார்கள். மணமாகி ஆண்டுகள் பல கடந்த தம்பதிகளுக்குச் சராசரியாக 1.9 குழந்தைகள் இருந்தார்கள். அலுத்துக்கொள்கிறவர்களின் கணக்கு இப்படி இருக்காது. ஆனால் ஜப்பானில் திருமணத்துக்கு வெளியே குழந்தை பிறப்பது 100க்கு இரண்டு மூன்றுதான். கல்யாணம் நின்றால் பிறப்பும் நிற்கும். 1990இல் ஐம்பது வயதுவரை மணமாகாமலேயே இருந்த ஆண்கள் 100க்கு 6 பேருக்கும் குறைவு. 2020இல் 28 பேர். பெண்களில் 18 பேர். அரசு கொட்டும் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே குழந்தை உள்ள வீட்டுக்குப் போகிறது. முடிச்சு விழுந்தது அதற்கு வெகு முன்னால்.

2020இல் ஐம்பதைத் தொட்டவர்கள் யார்? 1970ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 1971 முதல் 1974 வரை அங்கே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. (2024இல் பிறந்தவை 7 லட்சத்துக்கும் குறைவு.) அந்தக் கூட்டம் படிப்பை முடித்து வெளியே வந்தது 1993க்குப் பிறகு. பங்குச்சந்தை 1989 டிசம்பரில் உச்சத்தைத் தொட்டுச் சரிந்திருந்தது, நிலத்தின் விலையும் பின்னாலேயே விழுந்திருந்தது. 1997 நவம்பரில் யமாய்ச்சி என்ற நூற்றாண்டுப் பழமையான பங்குத்தரகு நிறுவனம் மூழ்கியது. அதன் தலைவர் செய்தியாளர்கள் முன் கண்ணீர்விட்டு அழுது, தவறு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தவறில்லை என்றார். அந்தக் காட்சியை ஜப்பானியர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த ஊழியர்களை வேறு நிறுவனங்களில் சேர்த்துவிடப் பலரும் முன்வந்தார்கள். அதே ஆண்டு கல்லூரியை முடித்தவனுக்காக யாரும் தொலைக்காட்சியில் அழவில்லை.

அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் இதன் கொடுமை புரியாது. மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்பு உடை வாங்கிக்கொண்டு நேர்காணலுக்கு அலையத் தொடங்குகிறார்கள். படிப்பு முடியும் முன்பே நியமனம் உறுதியாக வேண்டும். ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் புதுப்பட்டதாரிகள் ஒரே நாளில் வேலையில் சேர்வார்கள். அந்த ஏப்ரலைத் தவறவிட்டவன் அடுத்த ஆண்டு முயன்றால் ‘புதுப்பட்டதாரி’ அல்ல. அனுபவம் உள்ளவனும் அல்ல. இரண்டு வரிசையிலும் அவனுக்கு இடமில்லை. அதற்குப் பயந்து வேண்டுமென்றே ஒரு பாடத்தை முடிக்காமல் வைத்து, இன்னொரு வருடக் கட்டணம் கட்டி, மாணவனாகவே நீடித்தவர்கள் உண்டு. படித்து முடித்து மூன்று ஆண்டுகள்வரை ஒருவரைப் புதுப்பட்டதாரியாகவே கருதுங்கள் என்று அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது 2010இல். பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வயதான பிறகு!

பயோடேட்டாவைப் பாருங்கள். கடையில் விற்கும் அச்சிட்ட படிவத்தை வாங்கி, புகைப்படம் ஒட்டி, பேனாவால் கைப்பட எழுத வேண்டும் என்பதே அன்றைய மரபு. ஓர் எழுத்து பிழைத்தாலும் வெள்ளை மை தடவக் கூடாது. தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். இடப்பக்கம் வருடத்துக்கும் மாதத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை சும்மா இருந்தீர்கள் என்பதை அந்தக் கட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும். நேர்காணலில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். ஹோட்டலில் தட்டு கழுவியதும் இரவுக் கடையில் நின்றதும் அவர்கள் கண்ணில் அனுபவம் இல்லை.

நிறுவனங்கள் ஏன் அப்படிச் செய்தன? கல்நெஞ்சத்தால் அல்ல. உள்ளே இருந்தவர்களை வெளியேற்ற முடியவில்லை. நட்டத்தைக் காட்டி ஆட்குறைப்பு செய்வதற்கு 1970களிலேயே நீதிமன்றங்கள் கடுமையான நிபந்தனைகளை வகுத்திருந்தன. ஆட்குறைப்பில் இறங்கும் முன் வேறு எல்லா வழிகளையும் முயன்று பார்த்தாயா என்று கேட்பார்கள். அந்த வழிகளில் முதன்மையானது புதிய ஆள் எடுப்பதை நிறுத்துவது. தொழிற்சங்கமும் உறுப்பினருக்காகத்தான் பேசும். இன்னும் சேராதவன் உறுப்பினன் அல்லவே. ஆக, நல்ல சட்டம், நல்ல சங்கம், ஊழியரைக் கைவிடாத முதலாளி என்று நாம் புகழ்கிற மூன்றும் சேர்ந்து வாசலில் நின்றவனின் தலையில் சுமையை ஏற்றின. 2003 மார்ச்சில் பட்டம் பெற்றவர்களில் வேலையில் சேர்ந்தவர்கள் 55 சதவீதம்தான்.

மற்றவர்களுக்கு ஏஜென்சிகள் இருந்தன. ஏஜென்சி வழியாக ஆள் அனுப்பும் முறை 1986இல் சில தொழில்களுக்கு மட்டும் சட்டப்படி வந்தது. 1999இல் பெரும்பாலான தொழில்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2004இல் தொழிற்சாலைகளும் சேர்ந்தன. 2008 பொருளாதாரச் சரிவில் கார், மின்னணுத் தொழிற்சாலைகள் முதலில் கழித்துக்கட்டியது இந்த ஆட்களைத்தான். அவர்களில் பலர் வேலையோடு வந்த விடுதியில் குடியிருந்தவர்கள். வேலை போன அன்றே கூரையும் போனது. அந்த டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தன்னார்வலர்கள் கூடாரம் அடித்துச் சுடுசோறு போட்டார்கள். வறுமைக்கு எதிராகப் பாடுபடும் யுவாசா மகோதோ என்ற செயற்பாட்டாளர் அதை முன்னின்று நடத்தினார். எதிரே தொழிலாளர் நல அமைச்சகத்தின் கட்டடம். வந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். கூடாரங்கள் போதாமல் அமைச்சகம் தன் அரங்கத்தையே படுக்கத் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஜப்பானில் புத்தாண்டு என்றால் எல்லோரும் பெற்றோர் வீட்டுக்குப் போகும் நாள். போக வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று நாடு அன்று பார்த்தது.

ஒரு எதிர்வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் கோந்தோ அயாகோ இந்தத் தலைமுறையை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வேலை நிலைமை மிகவும் மோசமாக இருந்த 2000ஐ ஒட்டிப் படிப்பை முடித்த பெண்கள், அவர்களுக்குச் சற்று மூத்தவர்களைவிடக் குறைவாகக் குழந்தை பெறவில்லை. சிறிது கூடவே பெற்றிருக்கிறார்கள். எனவே ‘வேலை இல்லை, அதனால் பிள்ளை இல்லை’ என்று ஒரே கோடு போட்டுவிட முடியாது. வீட்டு வேலையும் குழந்தையும் மொத்தமாகப் பெண் தலையில் விழும் அமைப்பு, நள்ளிரவுவரை நீளும் அலுவலகம், படிப்புச் செலவு எல்லாம் இதில் உண்டு. ஆனால் நிரந்தரப் பணியில் உள்ள ஆணுக்குக் கல்யாணம் ஆகும் வாய்ப்பும் ஒப்பந்தப் பணியில் உள்ளவனுக்கு ஆகும் வாய்ப்பும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உங்கள் ‘படித்த பெண்’ வாதமும் இங்கேதான் உடைகிறது. அவள் வேலைக்குப் போவதால் மணம் செய்யாமல் இருக்கவில்லை. பெண் தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இன்றும் நிரந்தர வேலையே கிடையாது.

2019இல்தான் அபே அரசு விழித்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளில் இவர்களில் 3 லட்சம் பேரை நிரந்தரப் பணியில் கூடுதலாகச் சேர்ப்போம் என்றது. அந்த இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. அதே ஆண்டு ஹியோகோ மாநிலத்தின் தகராசுகா நகராட்சி, இந்தத் தலைமுறைக்கென்றே 3 இடங்களை அறிவித்தது. நாடெங்கிலும் இருந்து 1,800க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பார்த்து மனம் பொறுக்காமல் ஒருவரைக் கூட்டி 4 பேரை எடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான், நான் குறை சொல்லவில்லை.

இப்போது ஜப்பானில் காற்று திசைமாறிவிட்டது. ஆள் பற்றாக்குறையில் பெரிய நிறுவனங்கள் புதுப்பட்டதாரிக்கு மாதம் 3 லட்சம் யென் என்று போட்டி போடுகின்றன. நடுவில் இருக்கும் இவர்கள், 44 முதல் 56 வயதுக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறார்கள். 2026 ஏப்ரல் முதல் குழந்தை வளர்ப்பு ஆதரவுக்கென்று மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவோடு ஒரு தொகை சேர்த்துப் பிடிக்கப்படுகிறது. மணமானவர், ஆகாதவர் எல்லோரும்தான் கட்டுகிறார்கள், தொகையும் மாதம் சில நூறு யென்தான். ஆனாலும் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘தனியாள் வரி’. அந்தப் பெயரில் இருக்கும் கசப்பு சில நூறு யென்னுக்கானது என்று நான் நினைக்கவில்லை.

ஓய்வூதியம் இதைவிடப் பெரிய குழி. குறுகிய ஒப்பந்தங்களிலும் பகுதிநேர வேலைகளிலும் காலம் கழித்தவர்களில் பலருக்கு அடிப்படை ஓய்வூதியம் மட்டுமே மிஞ்சும். நாற்பது ஆண்டுகள் விடாமல் சந்தா கட்டியிருந்தாலும் 2025 கணக்கில் அது மாதம் 69,308 யென். டோக்கியோவில் ஓர் அறை வாடகைக்கே சரியாகிவிடும். பொருளாதாரம் இப்படியே மந்தமாகப் போனால் அதன் மதிப்பு அடுத்த சில பத்தாண்டுகளில் 30 சதவீதம் தேயும் என்பது அரசின் சொந்தக் கணிப்பு. அதைச் சரிக்கட்டும் பிரிவை 2025 சட்ட முன்வரைவிலிருந்து ஆளுங்கட்சி நீக்கிவிட்டது. பயற்றுப் பூரணம் இல்லாத பன் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் நோதா யோஷிஹிகோ கிண்டலடித்த பிறகு திரும்பச் சேர்த்தார்கள். எப்படி? 2029 மறுஆய்வில் தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டார் வேண்டாம் என்று ஜப்பான் அரசு நடைமுறையில் எப்போதும் சொன்னதில்லை. 2024 அக்டோபரில் அங்கே வேலை பார்த்த வெளிநாட்டார் 23 லட்சம் பேர், எண்ணிக்கையில் முதலிடம் வியட்நாமியருக்கு. வேடிக்கையைக் கேளுங்கள். சொந்தப் பிள்ளைகளுக்கு வாசல் அடைக்கத் தொடங்கிய அதே 1993இல்தான், ‘தொழிற்பயிற்சி’ என்ற பெயரில் ஆசிய நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. பயிற்சி என்பது பெயருக்கு. தையல் ஆலை, மீன் பதப்படுத்தும் கூடம், காய்கறித் தோட்டம் எல்லாவற்றிலும் அவர்கள்தான். முதலாளி பிடிக்கவில்லை என்றால் மாற முடியாது. 2023இல் மட்டும் 9,700க்கும் மேற்பட்டோர் வேலையிடத்தை விட்டுக் காணாமல் போனார்கள். அந்தத் திட்டத்தை ஒழித்து, நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் புதிய முறைக்கு 2024 ஜூனில் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வருவது 2027இல்.

நீங்கள் சொன்ன சன்சேய்தோ கட்சி அந்தத் தேர்தலில் 14 இடங்கள் வென்றது. அதன் பேச்சு முதியவர்களைவிட இளைஞர்களிடமும் நடுவயதினரிடமும்தான் அதிகம் எடுபட்டது. இருபத்திரண்டு வயதில் ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவன், ஐம்பதாவது வயதில் ‘ஆளில்லை, அதனால் வெளியிலிருந்து கொண்டுவருகிறோம்’ என்று கேட்கிறான். அவனுக்கு எரியாதா? அந்த எரிச்சலை வியட்நாமியத் தொழிலாளியின் மீது திருப்பிவிடுவதில் அரசியல்வாதிக்கு ஒரு வசதி. 1999லும் 2004லும் ஏஜென்சிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் அக்கா மகன் வருத்தப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஓட்டுகள் எல்லாவற்றையும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவரிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். அவருடைய அலுவலகத்தில் 44 முதல் 56 வயதுவரை உள்ளவர்களில் நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் எத்தனை பேர், ஏஜென்சி வழியாக வந்து பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவர்கள் எத்தனை பேர்? அவர் எழுதி அனுப்பினால் அடுத்த கடிதப் பகுதியில் வெளியிடுகிறேன்.