மூன்றாம் நிலை மந்திரத்துக்கு எத்தனை யானை?

கேள்வி: மாங்குளத்தில் நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை விளையாடுகிறோம். கதையை நடத்தும் டீஎம் நான்தான். எங்கள் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஐந்தாம் லெவலுக்கு வந்ததும் சொந்தமாக ஒரு மூன்றாம் நிலை மந்திரம் எழுதிக் கொடுத்தேன்: இரண்டு காட்டு யானைகள் ஒரு மணி நேரத்துக்கு வந்து நிற்கும். இப்போது எல்லாச் சண்டையையும் யானைகளே முடித்துவிடுகின்றன, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மந்திரத்தை எடுத்துவிடவா, யானையின் ஹிட் பொயின்டை (உயிர்ப்புள்ளியை) குறைக்கவா?

பதில்: எடுக்கவேண்டாம் தம்பி. வன்னியில் விளையாடும் ஒரு ட்ரூயிட் யானையைக் கூப்பிடாமல் வேறு எதைக் கூப்பிடுவது? ஆனால் ஹிட் பொயின்டில் மட்டும் கைவைத்தால் சரிவராது.

2014 விதிகளின்படி யானையின் சலஞ்ச் ரேட்டிங் (எதிரியாக வந்தால் எவ்வளவு கடினம் என்ற அளவு) 4, ஹிட் பொயின்ட் 76, ஒரு குத்தின் சராசரிச் சேதம் 19. கொன்ஸ்டிடியூஷன் (உடல் தாங்குதிறன்) 14 உள்ள ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கே (போர்வீரருக்கே) வழக்கமாக 44 ஹிட் பொயின்ட்தான். அதே மூன்றாம் நிலையில் இருக்கும் கொன்ஜர் அனிமல்ஸ் என்ற மந்திரம், ரேட்டிங் 2 உள்ள விலங்கென்றால் ஒன்றை மட்டுமே தரும். நீங்கள் 4 உள்ளதை இரண்டாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

சேதக் கணக்கை விடப் பெரிய சிக்கல் முறைக் கணக்கு. வரவழைத்த ஒவ்வொரு உடலும் சுற்றுக்கு ஒருமுறை அடிக்கும். எதிரியின் அடியையும் தன் மேல் வாங்கும். கொன்ஜர் அனிமல்ஸில் எட்டு ஓநாய் வந்தால் மேசையில் என்ன நடக்குமென்று பார்த்திருப்பீர்கள்: ஒருவரே தாயம் உருட்டிக்கொண்டிருப்பார். 2020இல் வந்த சம்மன் பீஸ்ட் என்ற மந்திரம் ஒரே ஒரு ஆவி விலங்கைத் தந்து, அதன் வலுவை, மந்திரத்துக்குச் செலவழிக்கும் ஸ்லொட்டின் நிலையோடு கட்டிப்போட்டது. 2024 விதிகளில் கொன்ஜர் அனிமல்ஸே தனித்தனி விலங்குகளைக் கைவிட்டு, ஒரு ஆவிக்கூட்டமாக மாறிவிட்டது. ஆகவே உங்கள் மந்திரத்திலும் யானை ஒன்றுதான். காட்டில் தனியன் தனியாகத்தானே திரிகிறது.

அளவுகோலாக சம்மன் பீஸ்டையே வையுங்கள். மூன்றாம் நிலை ஸ்லொட்டில் அதன் தரைவிலங்குக்கு ஏசி (அடிபடாமல் காக்கும் எண்) 14, ஹிட் பொயின்ட் 35, ஒரு தாக்குதல், சேதம் 1டி8+7 (எட்டுமுகத் தாயம் ஒன்று, கூட்டல் 7). போதாததற்கு பாக் டாக்டிக்ஸ், அதாவது கூட்டாளி ஒருவர் எதிரியின் பக்கத்தில் நின்றால் அட்வான்டேஜ் (தாயத்தை இருமுறை உருட்டிக் கூடியதை எடுப்பது). யானைக்கு இதை அப்படியே எடுத்து, பண்டமாற்றாக மாற்றுங்கள். ஹிட் பொயின்டை 45 ஆக்கி, ஏசியை 12 ஆக இறக்குங்கள். பாக் டாக்டிக்ஸை எடுத்துவிட்டு, அடிபட்ட எதிரி ஸ்ட்ரெங்த் சேவில் (வலிமையால் தாக்கத்தைத் தடுக்கும் உருட்டலில்) தோற்றால் பத்தடி பின்னால் தள்ளப்படுவான் என்று எழுதுங்கள். சேதம் அதே 1டி8+7, ஆனால் தந்தத்தால் குத்தும் சேதமாக இல்லாமல் மோதும் சேதமாக வையுங்கள். இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சிலதானே. தள்ளுவதுதான் இந்த மந்திரத்தின் தனித்துவம். அதற்குமேல் மிதித்தல், பயமுறுத்தல் என்று எதையும் சேர்க்காதீர்கள். உண்மையான யானை விதிப்படி 'ஹியூஜ்', மூன்றுக்கு மூன்று கட்டம் பிடிக்கும். குகைக்குள் நுழையவே முடியாது. ஆவி யானையை அதைவிட ஒரு படி சிறிய 'லார்ஜ்' ஆக்குங்கள்.

நேரத்தையும் பத்து நிமிடமாகக் குறையுங்கள். சம்மன் பீஸ்டுக்கு ஒரு மணி நேரம் உண்டுதான். ஆனால் யானை சண்டைக்கு வெளியேயும் வேலை செய்யும். முத்தையன்கட்டுப் பக்கம் தோட்டம் செய்பவர்களைக் கேளுங்கள், ஒரு யானைக்கு வேலியை வீழ்த்த எவ்வளவு நேரம் பிடிக்குமென்று. ஒரு மணி நேரம் கொடுத்தால் கோட்டைக் கதவு, பாரவண்டி, ஆற்றுக் கடவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஸ்லொட் போதும். உங்கள் ரோக் (திருடன்) பூட்டுத் திறக்கப் பழகியது வீண்.

கொன்சென்ட்ரேஷன், அதாவது கவனம் கலைந்தால் மந்திரமும் முடிந்துவிடும் என்ற விதி, கட்டாயம் இருக்கட்டும். ட்ரூயிட் அடிபடும்போது 10 அல்லது சேதத்தில் பாதி, எது கூடவோ அதற்கு எதிராகக் கொன்ஸ்டிடியூஷன் சேவ் உருட்டவேண்டும். உங்கள் எதிரிகள் ட்ரூயிட்டைத் தொடாமல் யானையையே அடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுப்பாடு வெறும் எழுத்துத்தான். இரண்டு வில்லாளிகளைப் பின்வரிசையில் நிறுத்துங்கள். சம்மன் பீஸ்ட் கேட்கும் 200 பொற்காசுப் பொருளுக்குப் பதில், பொன்முலாம் பூசிய பாலைவிதை ஒன்றை வைக்கலாம்.

மாற்றத்தை ட்ரூயிட் ஆடுபவரிடம் முதலில் தனியாகக் கதையுங்கள். எண்கள் இன்னும் மாறலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு வெட்டவெளிச் சண்டை, ஒரு ஒடுங்கிய இடத்துச் சண்டை இரண்டிலும் பார்த்து, தள்ளும் தூரத்தை ஐந்தடியாக்குவதா, பத்திலேயே விடுவதா என்று தீர்மானியுங்கள்.