ஜெரால்டின் சொல்வதை யார் கேட்கிறார்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளுடன் சில மாதங்கள் தங்குவதற்காக இங்கிலாந்து வந்திருக்கிறேன். சென்ற வாரம் இவ்வூருக்குச் சுற்றுப்பயணமாக வந்த ஒரு நாடகக் குழு, ஆங்கில நாடகாசிரியர் ஜோ ஆர்ட்டனின் 'வாட் த பட்லர் ஸா' நாடகத்தை நிகழ்த்தியது. அரங்கில் பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை கேட்டு வந்த பெண்ணை மனநல மருத்துவர் ஆடை களையச் சொல்லும் காட்சியிலும், அவளை அவளுடைய தந்தையே கெடுத்துவிட்டதாக இன்னொரு மருத்துவர் சாதிக்கும் காட்சியிலும் என் மகள் முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையிலேயே வெளியேறிவிட்டோம். இப்படியொரு நாடகத்தை இன்றும் ஊர் ஊராகக் கொண்டுபோவது தேவைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் முகம் இறுகியதில் தவறே இல்லை. அந்த இரண்டாவது காட்சியைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அரசாங்கத்தின் சார்பில் மருத்துவமனையைப் பார்வையிட வந்த டாக்டர் ரான்ஸ், தந்தை உன்னைக் கெடுத்தாரா என்று, வேலை கேட்டு வந்த அந்தப் பெண் ஜெரால்டினிடம் கேட்கிறார். இல்லை என்கிறாள். அவள் மறுப்பதையே அது நடந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். பதறினால் நோய் முற்றிவிட்டது என்கிறார். பிறகு அவளுடைய தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுகிறார். முதல் அங்கத்தில் உண்மையை மட்டுமே பேசுகிறவள் அவள். அவள் பேச்சை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆர்ட்டன் கேலி செய்வது அவளை அல்ல, பிறரைப் பைத்தியம் என்று எழுதிக் கையொப்பமிடும் அதிகாரம் படைத்தவரை.

அந்த அதிகாரத்தை ஆர்ட்டன் நன்கு அறிந்தவர். நூலகப் புத்தகங்களின் அட்டைகளைச் சிதைத்த குற்றத்துக்காக அவரும் அவருடைய துணைவர் கென்னத் ஹாலிவெல்லும் 1962-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். தாங்கள் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்பதால்தான் தண்டனை அத்தனை கடுமையாக இருந்தது என்று ஆர்ட்டன் நம்பினார். இந்த நாடகத்தை அவர் எழுதி முடித்த அதே 1967 ஜூலையில்தான் இங்கிலாந்தின் சட்டம் அந்த உறவைக் குற்றமல்ல என்று ஓரளவுக்கேனும் ஏற்றது. மருத்துவம் அதை நோயென்றே சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம், 34 வயதில், ஹாலிவெல்லின் கையாலேயே ஆர்ட்டன் கொல்லப்பட்டார். நாடகம் மேடையேறியதை அவர் பார்க்கவில்லை. 1969-இல் லண்டனில் முதன்முதலாக நடந்தபோது பார்வையாளர்கள் மேல்தளத்திலிருந்து கூச்சலிட்டு எதிர்த்தார்கள்.

ஆகவே நிகழ்த்த வேண்டுமா என்றால், வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் எப்படி நிகழ்த்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆர்ட்டனின் 'லூட்' நாடகம் 1965-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கி ஊர் ஊராகச் சென்று, லண்டனின் முக்கிய அரங்குகளை எட்டாமலேயே நின்றுபோனது. மிகையான பாணியில் நடித்து நாடகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது பலரும் சொல்லும் காரணம். மறு ஆண்டு வேறொரு குழு லண்டனில் அதை மேடையேற்றி, நாடகங்களுக்கான ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் விருதையும் பெற்றது.

'லூட்' நாடகத்தில் இறந்துபோன தாயின் பொய்ப்பற்களை மகன் கையில் வைத்துத் தாளம் தட்டுவான். 1966 டிசம்பரில் ஆர்ட்டனின் தாய் இறந்தார். லெஸ்டரில் அடக்கம் முடிந்து திரும்பியவர், தாயின் பொய்ப்பற்களை அரங்குக்கு எடுத்துவந்து, மகனாக நடித்த கென்னத் கிரானமிடம் கொடுத்தார். எத்தனையோ இரவுகள் மேடைக்கென வைத்திருந்த பல்செட்டை வைத்து நடித்தவர், இறந்த ஒருவர் உண்மையில் அணிந்திருந்த பல்செட்டைக் கண்டதும் மிரண்டுபோனார். அந்தச் செய்கை கொடூரமானது என்று தோன்றலாம். ஆனால் மேடையில் நடப்பதை உண்மை என்று நம்பி நடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை ஒரு நாடகாசிரியர் நடிகருக்குக் கற்பித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ரான்ஸாக நடிப்பவர் தம்மை மிகவும் பொறுப்புள்ள மருத்துவர் என்று நம்பி நடித்தால், நாம் சிரித்த மறுகணமே அந்தப் பெண்ணுக்காக அஞ்சுவோம். அவர் அவையைப் பார்த்துக் கண்சிமிட்டினால், அவளைத் துன்புறுத்துகிறவர்களோடு நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்; அப்போது எழுந்து போவதே முறை. நீங்கள் பார்த்தது எந்த வகை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. ரான்ஸாக நடித்தவர் அந்தக் காட்சியில் ஜெரால்டினைப் பார்த்துப் பேசினாரா, உங்களைப் பார்த்துப் பேசினாரா என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்