காயை வெட்டுவதா, தின்பதா? ஸ்பானிஷ் ஆட்டச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: 'கிட்டார் வாசிக்கிறேன்' என்பதற்கு 'ஹுயேகோ' போட்டேன். வகுப்பில் தப்பு என்றார்கள். ஏன்?

பதில்: ஆங்கிலம் வழியாகப் போனதால் வந்த வினை. அதில் பந்துக்கும் கிட்டாருக்கும் ஒரே வினைச்சொல். தமிழில் கிட்டாரை யாராவது விளையாடுவார்களா? ஸ்பானிஷிலும் ஆட்டத்துக்கு 'ஹுகார்' (நீங்கள் போட்ட 'ஹுயேகோ', அதாவது 'விளையாடுகிறேன்', இதிலிருந்து வருவதுதான்), வாத்தியத்துக்கு 'தோகார்'. தோகார் என்றால் தொடுவதும்தான். 'தோகோ லா கித்தாரா' என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: பார்திதோ, பார்திதா எப்போது எது?

பதில்: கால்பந்து, டென்னிஸ் மேட்ச் என்றால் பார்திதோ. செஸ், சீட்டு என்று உட்கார்ந்து ஆடினால் பார்திதா. அரசியல் கட்சிக்கும் பார்திதோதான். சிரிக்க வேண்டாம், தெருவில் ஆட நாமும் கட்சிதானே பிரிக்கிறோம்!

கேள்வி: ஸ்பெயின் தோழி வீட்டில் 'பர்ச்சீஸ்' ஆடக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: தாயம் ஆடியிருக்கிறீர்களா? அப்புறம் என்ன பயம்! நம் நாட்டுப் பச்சீசியின் வழிவந்த ஆட்டம் அது. காய் 'ஃபிச்சா', பகடை 'தாதோ'. நமக்குக் காய் இறங்கத் தாயம் விழ வேண்டும், அங்கே 5. நாம் எதிரியின் காயை வெட்டுவோம், அவர்கள் தின்பார்கள்: 'கொமெர்'. தின்றவருக்கு 20 கட்டம் இனாம். 'மே கோமோ உனா இ குவென்தோ வேய்ன்தே', அதாவது 'ஒன்றைத் தின்று இருபது எண்ணுகிறேன்' என்று உற்சாகமாகக் கத்துவார்கள். அந்த ஒரு வரியைப் பாடம் பண்ணிக்கொண்டு போங்கள், போதும்.

கேள்வி: செஸ்ஸில் 'அல்ஃபில்' எந்தக் காய்?

பதில்: நம் மந்திரி. ஆனால் அந்தச் சொல் அரபியில் யானை! சதுரங்கம் பாரசீகம், அரபி வழியாக ஸ்பெயினுக்குப் போய் 'அஹெத்ரேஸ்' ஆனபோது யானையும் கூடவே போயிருக்கிறது. நாம் யானை என்னும் மூலைக் காய்க்கு அங்கே 'தோர்ரே', கோபுரம். எனக்கே கொஞ்ச நாள் குழப்பம்தான்.

கேள்வி: ஸ்பானிஷ் சீட்டுக்கட்டில் ராணியைக் காணோமே?

பதில்: தொலையவில்லை, கிடையாது. சோத்தா, கபாயோ, ரேய்: பணியாள், குதிரைவீரன், ராஜா. 'மூஸ்' என்ற ஆட்டத்தில் கூட்டாளிக்குச் சைகை காட்டுவது விதிப்படியே செல்லும். அவர் கீழுதட்டை நடுவில் கடித்தால் கையில் இரண்டு ராஜா. நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஏஸ். எதிராளி கண்ணில் படாமல் காட்டுவதுதான் சாமர்த்தியம்.