பாட்டியின் நிறம்

அன்புள்ள அண்ணா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியை வேலூர் கோட்டைக்கு அழைத்துப்போய், அகழியோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். மதியம் பன்னிரண்டு இருக்கும். கண் இரண்டும் பள்ளமாக விழுந்துவிட்டன. படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் நிழல் பகுதியின் வெளிச்சத்தை ஏற்றினேன்; முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. என் தப்பு எங்கே? இத்தனைக்கும் நல்ல 50 எம்எம் லென்ஸ். பாட்டி இன்னும் வீட்டில் பீடி சுற்றுகிறார்.

அன்புள்ள தம்பி,

வேலூர் வெயிலில், அதுவும் உச்சியில், வயசானவரை நிற்கவைத்தீர்களே! முதலில் பாட்டிக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுங்கள். சூரியன் தலைக்கு மேலே நின்றால் புருவத்தின் நிழல் கண்ணில்தான் விழும். லென்ஸ் என்ன செய்யும்?

சாம்பலுக்குக் காரணம் வேறு. வெயில் படாத அந்தக் கண்பள்ளத்துக்கு வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருகிறது. நிழலை ஏற்றினால் நீலமும் கூடவே ஏறும். கருத்த தோலில் நீலம் ஏறினால் சாம்பல்தான்.

கோட்டை எதற்கு? பாட்டி தினமும் உட்காரும் திண்ணை போதும். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே, தெருவைப் பார்த்து உட்காரட்டும். மடியில் முறம், பீடி இலை எல்லாம் அப்படியே இருக்கட்டும். எதிரே வெயில் விழும் இடத்தில், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள். அதில் பட்டு எழும் வெளிச்சம் தாடைக்கடியில் இருக்கும் இருட்டைக் கலைக்கும். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னுகிறதா பாருங்கள். இல்லையென்றால் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லுங்கள். பீடி சுற்றும் விரல் நிற்காது, ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம்.

அப்புறம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில் முகத்தை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். அப்போதுதான் பாட்டியின் கருப்பு கருப்பாகவே பதியும். கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். எடிட்டிங்கில், படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. சுருக்கத்தைத் தேய்க்காதீர்கள், நிறத்தை வெளுக்காதீர்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் வெளுத்த வெளுப்பில், "யாருடி இது?" என்று என் மனைவியிடம் அவள் அம்மாவே கேட்டார்.

சரி, திண்ணை எந்தப் பக்கம் பார்த்தது? கிழக்கு என்றால் வெயில் திண்ணையை விட்டு இறங்கட்டும், காலை பத்து பத்தரைக்கு மேல் எடுங்கள். மேற்கு என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.